நாலாவது குடித்தனம்

…ஏசி குளிரவே மாட்டேங்குதுன்னு சொல்றேன், நீங்க என்னடான்னா சூடு அளக்கற அந்தக் கருவியை என் மூஞ்சிக்கு நேரா நீட்டறீங்க! பதினெட்டுன்னு காட்டுதாம்! காட்டட்டுமே! அது உங்க கருவிண்ணே, உங்க பக்கம்தான் பேசும். இருங்க, ஒரு நிமிஷம், இந்த மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கறேன், காதுக்குள்ள காத்து போகுது… ஆங். என்ன சொல்லிட்டிருந்தேன்? குளிரல. சுத்தமாக் குளிரல.

எதுக்குச் சிரிக்கறீங்க? மஃப்ளரைப் பாத்தா? அது எனக்குக் குளிருதுண்ணே. எனக்குக் குளிர்றது வேற, மெஷினுக்குக் குளிர்றது வேற. எனக்கு ஃபேனைக் கொஞ்சம் வேகமா வச்சாலே தும்மல் வந்துடும். ஸ்வெட்டரு, மஃப்ளரு, காலுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸு… காலையில கிளம்பறப்ப என் வீட்டுக்காரர் கேக்கறாரு, "ஆபீஸுக்குப் போறியா, பனிமலை ஏறப் போறியா"ன்னு. கேக்கறதோட விட்டாரா, பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டறாரு. சிரிக்கட்டும். இந்த அலமாரி மாதிரி நிக்குதே, இந்தக் கம்ப்யூட்டர் மெஷினு, இதுக்காக நான் படற பாடு அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?

ஏறுங்க, ஏறுங்க, ஏணியை நான் பிடிச்சுக்கறேன். அந்த நீல ஒயரை மிதிக்காதீங்க! போன தடவை அதைத்தான் மிதிச்சீங்க. மிதிக்கலையா? சரி, மிதிக்கல, விடுங்க. ரிமோட் எங்க? சட்டைப் பையிலயா? பத்திரம்ணே. இந்த ஏசியில ஒரு பட்டன் கிடையாது, எல்லாம் அந்த ரிமோட்டுதான், இந்த ரூமுக்கே அது ஒண்ணுதான். பெருக்கற அம்மா ஒரு தடவை டிவி ரிமோட்டுன்னு நினைச்சுக் கீழ கொண்டுபோயிட்டாங்க. நாள் பூரா அதை வச்சு டிவியை அமுக்கிப் பாத்துட்டு, டிவி ரிப்பேர்னு சொல்லிட்டாங்க! இப்ப எதுல இருக்கு? பதினெட்டா? பதினாறுல வைங்க. அதுக்கும் கீழ போகாதா? சரி, பதினாறு. நான் சொல்ற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது.

கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க மேல எனக்குத் தனிப்பட்ட விரோதமா? வர்ற தடவையெல்லாம் நீங்கதான் வர்றீங்க, கழட்டறீங்க, கழுவறீங்க, "ஏசி நல்லாத்தான் இருக்கு மேடம்"னு சொல்லிட்டுப் போறீங்க. நீங்க போன மறுநாள் மத்தியானம் மெஷின் பொத்துன்னு விழுது. நான் என்னன்னு நினைக்கறது? மேனேஜர்கிட்ட சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன், மறைக்கல. "ஏசி சரியில்ல சார், மத்தியான வெயில்ல ரூம் சூடாகுது, மெஷின் தாங்கல"ன்னு. அவரு காலையிலேயே சொல்லிட்டாரு, இன்னைக்கும் நின்னுச்சுன்னா ஏசி கம்பெனியையே மாத்திடுவாராம். உங்க முதலாளிக்கும் போன் போட்டுட்டாராமே?

என்னது? இந்த இடம் போச்சுன்னா நீங்களும் வர வேண்டாம்னு சொல்லிட்டாரா உங்க முதலாளி? அடப் பாவமே! பொண்ணு காலேஜ் சேர்ற வருஷமா? ஐயய்யோ… இப்பப் போய் இப்படி ஆகணுமா? எனக்கு மனசு கேக்கலண்ணே, நிஜமாத்தான் சொல்றேன். ஆனா மெஷின் நிக்குதே! அது நின்னா கீழ என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க ஏணி மேல நின்னா எல்லாம் அமைதியாத் தெரியும்.

கீழ ரத்தப் பரிசோதனைக்கு வந்தவங்க உக்காந்திருக்காங்கள்ல, வரிசையா, பிளாஸ்டிக் நாற்காலியில? டோக்கன் போடறதும் இந்த மெஷினு, ரிசல்ட்டை அச்சடிச்சுக் குடுக்கறதும் இந்த மெஷினு. மத்தியானம் வர்றவங்க யாரு? சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணுமே, அந்தச் சர்க்கரைக்காரங்க. சரியா ரத்தம் எடுக்கற நேரத்துல டோக்கன் போர்டு இருட்டாயிடும். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லிச் சொல்லி நேரம் தாண்டிடும். அப்புறம் என்ன, திரும்பப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து முதல்லேர்ந்து உக்காரணும். போன வாரம் ஒரு பெரியவர் ஒரே மத்தியானத்துல ரெண்டு சாப்பாடு சாப்பிட்டுட்டாரு! மூணாவதுக்கும் போகச் சொன்னப்ப அழுதுட்டாருண்ணே. சிரிக்காதீங்க, எனக்கும் அன்னைக்குச் சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் ராத்திரி படுத்தா தூக்கம் வரல.

அப்ப கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணுங்க என்ன சொல்லுதுங்க தெரியுமா? "மேல டேட்டாபேஸ் அக்கா ஏதோ பண்ணிட்டாங்க." ஏதோ பண்ணிட்டாங்களாம்! வந்து பாத்துச்சுங்களா? ஒரு வார்த்தை கேட்டுச்சுங்களா? மின்சாரம் போனாலும் நான்தான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நான்தான். என்ன ஏதுன்னு பாக்காம ஒருத்தர் தலையில பழியைத் தூக்கிப் போடறது எவ்வளவு பெரிய பாவம், சொல்லுங்க? உடம்பெல்லாம் எரியுதுண்ணே எனக்கு. அந்த ஸ்குரூ கீழ விழுந்துச்சே, உங்களோடதா? இந்தாங்க.

மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்களே… கேக்கலையா? சரி, நானே சொல்றேன். தெரிஞ்சாத்தான் நான் ஏன் கத்தறேன்னு உங்களுக்குப் புரியும். டேட்டாபேஸ்னா என்ன? எல்லாக் கணக்கையும் வச்சுக்கிட்டு, கேட்டா எடுத்துக் குடுக்கற ஆளு. அவ்வளவுதான். ஒரு ஆபீஸுக்கு ஒரு மெஷின், ஒரு மெஷினுக்கு ஒரு ஆளுன்னு இருந்தா எனக்கு என்ன குறைச்சல்? கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பேன். இங்க ரிசல்ட்டுக்கு வாங்கின சாப்ட்வேர் அரதப் பழசு, அது பழைய டேட்டாபேஸோடதான் பேசும். டோக்கனுக்கு வாங்கினது புதுசு, அது பழசை ஏறெடுத்தும் பாக்காது. மருந்து ஸ்டாக்கு இருக்கே, அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு யாரு மேலயும் நம்பிக்கை கிடையாது, "எங்க கணக்கு தனியா இருக்கணும்"னுட்டாங்க. நான் மேனேஜர்கிட்ட போய் நின்னேன். "சார், மூணு மெஷின் வேணும்." அவரு இந்த மெஷினை மேலயும் கீழயும் பாத்தாரு, தட்டிக் குடுத்தாரு. "இவ்வளவு பெருசா இருக்கேம்மா, மூணையும் இதுலயே வச்சுக்கோயேன்"னாரு. பெருசா இருக்காம்! பீரோ வாங்கற மாதிரி!

அவ்வளவுதான், அன்னைக்கு என் தலையில கட்டினதுதான். ஒரே வீடு, அதுக்குள்ள மூணு குடித்தனம். ஒவ்வொருத்தருக்கும் தனி வாசல், வாசலுக்குத் தனி நம்பர், சாமான் வைக்கத் தனித்தனி ரூம். இவரு வாசல்ல அவரைத் தேடி யாரும் போயிடக் கூடாது. இவரு ரூமுக்குள்ள அவரு காலை வச்சுட்டாருன்னா தொலைஞ்சுது. ஆனா தண்ணித் தொட்டி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. மெமரியைச் சொல்றேன். ஒருத்தர் திறந்து விட்டா இன்னொருத்தருக்கு வராது. இத்தனையையும் ஒத்த ஆளா நான் கட்டி மேய்க்கணும்.

எப்படி மேய்க்கறேன்? ஸ்கிரிப்ட்! ஸ்கிரிப்ட்னா சினிமா கதை இல்லண்ணே. மெஷினுக்கு எழுதி வைக்கற உத்தரவு. இதைப் பண்ணு, ஆச்சுன்னா அதைப் பண்ணு, ஆகலேன்னா நிறுத்துன்னு வரிசையா எழுதி வச்சுட்டா, அது பாட்டுக்குப் பண்ணும். ஏன் எதுக்குன்னு கேக்கவே கேக்காது. என் வீட்டுல யாராவது ஒருத்தராவது அப்படி இருக்காங்களா? ஆரம்பிக்க ஒண்ணு எழுதினேன், நிறுத்த ஒண்ணு எழுதினேன். எந்தக் குடித்தனம்னு பேரைச் சொல்லணும், அப்பத்தான் வேலை செய்யும். முதல்ல அப்படி இல்ல. பேர் சொல்லாம வெறுமனே "நிறுத்து"ன்னா மூணு பேரையும் நிறுத்திடும். அதைக் கண்டுபிடிச்சது யாரு? அவசரக்குடுக்கை.

அவசரக்குடுக்கை தெரியாதா உங்களுக்கு? இங்க எனக்குத் துணையா ஒருத்தன் இருந்தானே, நிக்கறதுக்குள்ள உக்காருவான், உக்கார்றதுக்குள்ள எழுந்துடுவான். அவனுக்கு நான் வச்ச பேரு. ஒரு நாள் டோக்கன் குடித்தனத்தை நிறுத்தினான். அது "சரி"ன்னு சொல்லிட்டு, போகாம உள்ளயே உக்காந்திருந்துச்சு. செத்தும் சாகாம. அப்படிச் சில நேரம் ஆகும். வாசல்ல பூட்டு தொங்குது, உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பொறுத்திருக்கணுமா இல்லையா? இவன் பூட்டை உடைச்சுட்டு இன்னொரு ஆளை உள்ள அனுப்பிட்டான்! ஒரே ரூமுக்குள்ள ரெண்டு பேரு, ரெண்டு பேரும் "நான்தான் வீட்டுக்காரன்"னு ஒரே கணக்குல எழுதறாங்க. கீழ ஒரே டோக்கன் நம்பரை வச்சுக்கிட்டு ரெண்டு ஆளுங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுல ஒருத்தருக்கு ரத்தமே வந்துடுச்சு, அதை டெஸ்ட்டுக்கு எடுக்க முடியல, அவ்வளவுதான்.

அவன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா? வெளிநாட்டுல! என்னை விட மூணு மடங்கு சம்பளம்! ஏரிக்கரையில நின்னு போட்டோ அனுப்பறான். பூட்டை உடைச்சவன் ஏரிக்கரையில நிக்கறான், கட்டிக் காத்தவ மஃப்ளர் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்ல நியாயம்ணே!

ஆனா ஒண்ணு, அவனாலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. காவக்காரன்! இந்த வேலையில நான் பண்ணின உருப்படியான காரியம் எதுன்னா அதுதான். அதுவும் ஸ்கிரிப்ட்தான், ஆள் இல்ல. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ரோந்து வருவான். வீட்டுக்குள்ள எத்தனை பேருன்னு தலையை எண்ணுவான். கணக்கு சரியா இருந்தா பேசாமப் போய்ப் படுத்துக்குவான். கூடுதலாவோ குறைச்சலாவோ இருந்துச்சு, அவன்கிட்ட சமாதானமே கிடையாது. அத்தனை பேரையும் வெளியேத்திட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஒவ்வொருத்தரா முறைப்படி திரும்ப உள்ள விடுவான். இப்ப மெஷின் விழுந்தாலும் கொஞ்ச நேரத்துல தானா எழுந்துக்குதுல்ல? எல்லாம் அவன் புண்ணியம். எத்தனை வருஷமாச்சு, ஒரு நாள் லீவு கேட்டதில்ல. எங்க மேனேஜர்கூட ஒரு மீட்டிங்ல கை தட்டினாரு. எனக்கு இல்ல, காவக்காரனுக்கு.

எங்க அடுக்குமாடிக் கேட்டுல ஒரு காவக்காரர் இருக்காரு, அவரும் இதே மாதிரி கறார்தான். அதுல ஒரு கூத்து கேளுங்க. என் நாத்தனார் வந்தா. ரெண்டு நாளைக்குன்னு சொல்லிட்டு ரெண்டு பெட்டியோட. கேட்டுல நிறுத்திட்டாரு. "எங்க லிஸ்ட்டுல நீங்க இல்லம்மா, உள்ள விட முடியாது." நான் அவருகிட்ட சொல்லி வைக்க மறந்துட்டேன். போனையும் இந்த ரூம்ல சத்தமில்லாம வச்சிருந்தேன். அவ மத்தியான வெயில்ல பெட்டி மேலயே உக்காந்திருந்திருக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரர் அந்த ஆளை அடிக்காத குறை. நான்தான் தடுத்தேன். "அவரு என்னங்க பண்ணுவாரு? புது ஆள் வர்றாங்கன்னு சொன்னாத்தானே தெரியும்? அவரு வேலையை அவரு சரியாச் செஞ்சிருக்காரு. சொல்லாதது என் தப்பு, என்னைத் திட்டுங்க"ன்னேன். நல்லாத் திட்டினாரு. நாத்தனாரும் திட்டினா, அதுக்கப்புறம் ஒரு மாசம் இருந்து திட்டினா. ஆனா தப்பு என் பேர்லன்னா ஒத்துக்கறதுக்கு நான் யோசிக்கவே மாட்டேண்ணே. அது என் குணம்.

என்ன? மத்தியானம் மட்டும் ஏன் நிக்குதுன்னா? அதைத்தானே நானும் சொல்றேன், வெயில்! காலையில நிக்கல. ராத்திரி நிக்கல. மத்தியானம்தான். ஒரு தடவை விழும், எழுந்துக்கும், திரும்ப விழும்… சாயங்காலம் வெயில் இறங்கினதும் கம்முனு ஆயிடும். ஞாயித்துக்கிழமை நிக்கறதே இல்ல! ஞாயித்துக்கிழமை வெயில் இல்லையான்னு கேக்காதீங்க. இருக்கு, இருக்கு… ஆனா மத்த நாள் மாதிரி இருக்காது. ஜனங்க வர மாட்டாங்க, மூச்சுச் சூடு இருக்காது. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்ணே.

மெஷினே தினமும் நடந்ததை எழுதி வைக்கும், அதையும் பாத்துட்டேன். என்ன எழுதியிருக்கு தெரியுமா? "நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன்." யாரு சொன்னா? நான் சொல்லல. இந்த ரூம்ல வேற ஆள் கிடையாது. அப்ப என்ன அர்த்தம்? சூடு தலைக்கேறிப் பிதற்றுது! நம்ம வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா பிதற்றறது இல்லையா, அப்படித்தான். மேனேஜருகிட்ட இதைச் சொன்னேன், அவருக்கே கண் கலங்கிடுச்சு. உடனே உங்க முதலாளிக்குப் போன் போட்டாரு.

ஐயோ, பேச்சுல மறந்தே போச்சு, மணி என்ன? ரெண்டா? எக்ஸ்ரேகாரங்க வந்துடுவாங்களே! இருங்க, அவங்க குடித்தனத்தை எழுப்பி விட்டுட்டு வந்துடறேன். இது நாலாவது. சொல்லலையா உங்ககிட்ட? புதுசா எக்ஸ்ரே பிரிவு திறந்தாங்கள்ல, அதுக்கும் ஒரு மெஷின் கேட்டேன். மேனேஜர் பழையபடி இதைத் தட்டிக் குடுத்தாரு. "மூணுக்கு இடம் இருந்துச்சுன்னா நாலுக்கு இருக்காதாம்மா?" பஸ்ஸுல தள்ளி உக்காரச் சொல்ற மாதிரி! சரின்னு நாலாவதுக்கும் ஒரு ரூம் தட்டி, வாசல் நம்பர் குடுத்து, ஆரம்பிக்க நிறுத்த எல்லாம் நான்தான் எழுதினேன். அவங்க மத்தியானம் மட்டும்தான் வேலை செய்வாங்க, ஞாயித்துக்கிழமை கிடையாது. தண்ணித் தொட்டி சின்னதுல்ல, அதனால சாப்பிட்டுக் கை கழுவினதும் நானே எழுப்பி விடுவேன், சாயங்காலம் நானே நிறுத்திடுவேன். ஆங்… "எக்ஸ்ரே, ஆரம்பி"… எழுந்துடுச்சு. பாருங்க, எவ்வளவு சமத்து.

நீங்க அந்த மூடியை மாட்டுங்க. இன்னைக்கு என்ன ஆகுதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம். கருவியை எனக்குத் தெரியற மாதிரி தொங்க விடுங்க. பதினாறு. சரி. விரலெல்லாம் மரத்துப் போச்சுண்ணே, கீபோர்டு எங்க இருக்குன்னே தெரியல… டீ சொல்லட்டுமா? வேண்டாமா? எனக்கு வேணும். கப்பைக் கையில பிடிச்சுக்கிட்டாலாவது…

விழுந்துடுச்சு! பாத்தீங்களா, பாத்தீங்களா! ஸ்க்ரீன்ல நாலு குடித்தனத்து விளக்கும் சிவப்பு! நான் சொன்னேனா இல்லையா? இருங்க, போன் அடிக்குது… ஹலோ? தெரியும்மா, தெரியும். மேலதான் இருக்கேன். நான் எதுவும் பண்ணல! வந்துடும், சொல்லு. யாரு, அந்தப் பெரியவரா? அவரைச் சாப்பிடப் போகச் சொல்லாதீங்க! உக்கார வை, இதோ வந்துடும்… வச்சுடறேன்.

என்னண்ணே? கருவியைக் காட்டறீங்க… பதினாறு. ஆமா. பதினாறுதான். சரி, பதினாறுல இருக்கறப்பவே விழுந்திருக்கு. அதெப்படி… ஒருவேளை… இருங்க, விளக்கு பச்சையாகுது. ஒண்ணு… ரெண்டு… மூணு. வந்துட்டாங்க. எல்லாம் காவக்காரன்! அவன் இல்லேன்னா இன்னைக்கு அந்தப் பெரியவர் கதி என்ன? எப்படி எழுதியிருக்கேன்னு உங்களுக்குக் காட்டறேன் வாங்க, ஏணியை விட்டு இறங்குங்க, இதெல்லாம் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். இதோ. பாருங்க, ஒரு எழுத்து வீணா இருக்காது. முதல் வரி, எழுந்திரு. அடுத்தது, வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு கேளு. அடுத்தது, தலையை எண்ணு. அடுத்தது, மூணு இருந்தா சரி, போய்ப் படு. மூணு இல்லேன்னா எல்லாரையும் வெளியே…

மூணு.

மூணு இல்லேன்னா…

…

அண்ணே, அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. இல்ல, ஒண்ணுமில்ல. உக்கார்றேன்.

மூணுன்னு எழுதியிருக்கேண்ணே. நாலாவது வந்ததை அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல. தினமும் மத்தியானம் நானே ஒருத்தரை உள்ள விடறேன், அவன் வந்து எண்ணறான், நாலு இருக்கு. எவனோ செத்தும் சாகாம உக்காந்திருக்கான்னு அத்தனை பேரையும் வெளியேத்தறான். நான் எக்ஸ்ரேயைத் திரும்ப எழுப்பறேன், அவன் திரும்ப வெளியேத்தறான். சாயங்காலம் நான் எக்ஸ்ரேயை நிறுத்தினதும் அவனும் விரட்டறதை நிறுத்திடறான். ஞாயித்துக்கிழமை… வெயிலாவது ஒண்ணாவது! நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன்னு மெஷின் படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நான் அதுக்குக் காய்ச்சல்னேன். அவன் என்னண்ணே பண்ணுவான்? சொன்னாத்தானே தெரியும்…

அந்தப் பெரியவர் ரெண்டு சாப்பாடு சாப்பிட்டது என்னாலதான்.

இதோ பாருங்க. மூணை அழிச்சாச்சு. நாலு. தீந்துது. எக்ஸ்ரே இல்லாதப்ப மூணும் சரின்னு ஒரு வரி. இவ்வளவுதான். இதுக்குத்தான் உங்களை இத்தனை தடவை ஏணி ஏற விட்டேன்.

அண்ணே… ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது. ஏசியில… அதாவது… சின்னதா ஏதாவது ஒரு கோளாறு? பெருசா வேண்டாம். கொஞ்சம் தூசி, ஏதாவது ஒரு ஒயரு லூசா… எந்த ஏசியில இல்ல, சொல்லுங்க? "தூசி இருந்துச்சு, எடுத்துட்டேன், இப்பச் சரியாப் போச்சு"ன்னு நீங்க ஒரு வார்த்தை… உங்களுக்கும் நல்ல பேரு, எனக்கும்… ஏன் ஏணியை மடக்கறீங்க? அப்படிப் பாக்காதீங்கண்ணே. என்னமோ மாதிரி இருக்கு.

போன் அடிக்குது. மேனேஜரு.

ஹலோ… சொல்லுங்க சார். ஆமா சார், நின்னுச்சு. இல்ல சார், வந்துடுச்சு, டோக்கன் ஓடுது. ஏசியா? ஏசி வந்து சார்… இங்கதான் இருக்காரு, ஏணியை மடக்கிட்டிருக்காரு. இப்பவே அவங்க முதலாளிக்குப் போடப் போறீங்களா? மாத்திடப் போறீங்களா… சரி சார். இல்ல சார்! சார், சார், வைக்காதீங்க! ஏசி நல்லா இருக்கு. நல்லான்னா ரொம்ப நல்லா இருக்கு சார், எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. தப்பு அது மேல இல்ல. நான்தான் சார். அந்தக் காவக்காரன் இருக்கானே… கேட்டுல நிக்கறவர் இல்ல சார், அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க! நான் எழுதினவன், நீங்க கை தட்டினீங்களே. எக்ஸ்ரே வந்ததை நான் அவனுக்குச் சொல்லல. அதான் தினமும் எல்லாரையும் விரட்டியிருக்கான். ஆமா சார். ஆமா, நான்தான். நான்தான் சார், எத்தனை தடவை சொல்லணும்? …காய்ச்சலும் இல்ல சார், அதுவும் நான் சொன்னதுதான். சிரிங்க சார், பரவாயில்ல. நாளைக்கு மீட்டிங்லயும் சொல்லுங்க. ஆனா அவங்க முதலாளிக்கு இப்பவே போன் போட்டு, உங்க ஆளு மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிடுங்க சார். நீங்க போடலேன்னா நான் போடறேன். பொண்ணு காலேஜ் சேர்ற வருஷம் சார் அவருக்கு. போடறீங்கள்ல? சரி சார். சரி.

அப்பாடா… அண்ணே, கேட்டீங்களா? சொல்லிட்டேன்! வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அந்தத் தூசி விஷயம் இருக்கே, அதை நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்குங்க… அண்ணே?

போயிட்டாரா? ஏணியையும் காணோமே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? சரி, கோவம் இருக்கத்தானே செய்யும், போகட்டும். நான் அவரை என்னவெல்லாம் பேசியிருக்கேன். பாவம், நல்ல மனுஷன்.

இனிமேலாவது இந்த ஏசியைக் கொஞ்சம் கூட்டி, இருபத்தஞ்சுல வச்சுட்டு, மஃப்ளரைக் கழட்டிட்டு, நிம்மதியா ஒரு டீ… ரிமோட் எங்க? மேசை மேல இல்ல. நாற்காலியில இல்ல. மெஷின் மேல… இங்கயும் இல்ல. கடைசியா யாரு கையில…

ஐயோ! சட்டைப் பை!

அண்ணே! அண்ணோய்! லிஃப்ட்டைப் பிடிங்கம்மா, அந்த ஏணிக்காரரை நிறுத்துங்க! அண்ணே, பதினாறுல இருக்குண்ணே! மாத்தக் கூடாதுன்னு சொன்னது நான்தான், வாபஸ் வாங்கிக்கறேன்! திரும்பிப் பாக்காமப் போறீங்களே… அண்ணே, புகாரே பொய்யிண்ணே! குளிருதுண்ணே! நல்லாவே குளிருது!